எங்கள் சர்ஜரி மட்டும் ஏன் தனித்துத் தெரிகிறது? மருந்துச்சீட்டுத் தரவைப் படிப்பது பற்றி

வைகைக்கரை:
வணக்கம். இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பக்கம் ஒரு ஜிபி சர்ஜரியில் (குடும்ப மருத்துவர்களின் கிளினிக்) கிளினிக்கல் பார்மசிஸ்டாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஏறக்குறைய ஒன்பதாயிரம் நோயாளிகள், நான்கு மருத்துவர்கள். எந்தச் சர்ஜரி எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறது என்று காட்டும் ஓபன்பிரிஸ்கிரைபிங் தளத்தில் எங்கள் சர்ஜரியின் பக்கத்தைப் பார்த்தேன். மூன்று இடத்தில் நாங்கள் மற்றவர்களைவிட்டு வெகுதூரம் விலகி நிற்கிறோம்.

ஒன்று, தூக்க மாத்திரை சோபிக்ளோன். இரண்டு, ரத்த அழுத்த மருந்து அம்லோடிபின்: சீட்டு எண்ணிக்கை அக்கம்பக்கத்துச் சர்ஜரிகளைவிடப் பல மடங்கு. மூன்று, மெத்தோட்ரெக்ஸேட் 10 மி.கி. மாத்திரை. இது மிகக் குறைவுதான், ஆனால் பெரும்பாலான சர்ஜரிகளில் சுத்தமாக இல்லை, எங்களிடம் இருக்கிறது.

மூத்த மருத்துவரிடம் கேட்டால், "நம் நோயாளிகள் வேறு மாதிரி" என்கிறார். இருக்கலாம். ஆனால் அது உண்மையா, அல்லது எல்லாரும் சொல்கிற சமாதானமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தத் தரவோடு பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

எண்ணாளன்:
நான் சுகாதாரத் தரவு ஆய்வாளர். முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தில் ஜிபி சீட்டு எழுதுகிறார். நோயாளி அதை பார்மசிக்குக் கொண்டுபோய் மருந்து வாங்குகிறார். பார்மசி அதற்கான பணத்தை, அரசு சுகாதாரச் சேவையான என்எச்எஸ்ஸின் பணம் கொடுக்கும் அமைப்பான பிசினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டியிடம் கேட்கிறது. அந்தப் பணக் கணக்குதான் நாம் பார்க்கும் தரவு. 2010 முதல் மாதாமாதம், சர்ஜரி வாரியாக, பொதுவெளியில் கிடைக்கிறது. வருடத்துக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட சீட்டு வரிகள் (சீட்டில் எழுதிய ஒவ்வொரு மருந்தும் ஒரு வரி). ஒவ்வொரு மருந்துக்கும் 15 எழுத்துகள் கொண்ட பிஎன்எஃப் (பிரிட்டிஷ் மருந்துக் கையேடு) குறியீடு உண்டு. இடமிருந்து வலமாகப் போகப்போக மருந்துப் பிரிவு, உட்பிரிவு, வேதிப்பொருள், வலிமை என்று குறுகிக்கொண்டே வரும்.

இதில் இல்லாதவற்றை மனதில் வையுங்கள். நோய் என்ன என்று இல்லை. நோயாளியின் வயது இல்லை. தினம் எத்தனை மாத்திரை என்று இல்லை. எழுதிக் கொடுத்தும் வாங்காமல் விட்ட மருந்து இல்லை. கடையில் நேரடியாக வாங்கியது இல்லை. பணம் கொடுத்துத் தனியார் மருத்துவரிடம் வாங்கிய சீட்டும் இல்லை. ஆகவே இந்தத் தரவால் "இங்கே வித்தியாசமாக இருக்கிறது" என்று சொல்ல முடியும். ஏன் என்று சொல்லவே முடியாது.

அடுத்தது, எதனால் வகுக்கிறீர்கள்? ஆயிரம் நோயாளிக்கு இத்தனை என்று பார்க்கலாம். ஆன்டிபயாடிக் என்றால் வயது, பால் வித்தியாசத்தைச் சரிக்கட்டுகிற ஸ்டார்-பியூ என்ற அலகால் வகுப்பார்கள். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: ஒரு மருந்தை அதன் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துப் பார்ப்பது. உதாரணத்துக்கு, நீங்கள் எழுதும் தூக்க மருந்துகள் எல்லாவற்றிலும் சோபிக்ளோனின் பங்கு எவ்வளவு? இப்படிப் பார்த்தால் "எங்களிடம் முதியவர்கள் அதிகம்" என்ற வாதம் பெரும்பாலும் தானாகவே கழன்றுவிடும். முதியவர்கள் அதிகமென்றால் மொத்தத் தூக்க மருந்தும் சேர்ந்துதானே கூடும்? அந்தத் தளம் தரும் 'வழக்கத்துக்கு மாறானவை' பட்டியலும் இந்தப் பங்கைத்தான் எடுத்து, நாட்டின் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி வழக்கமாகச் சிதறும் அளவு) தள்ளி இருக்கிறது என்று வரிசைப்படுத்துகிறது.

ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் 6000க்கும் மேற்பட்ட சர்ஜரிகள் இருக்கின்றன. எந்த மருந்தை எடுத்தாலும் மேல்முனை 1 சதவீதத்தில் 60 சர்ஜரிகள் இருந்தே தீரும். நூற்றுக்கணக்கான மருந்துகளுக்கு இதையே செய்தால், ஏதோ ஒன்றில் முனையில் நிற்காத சர்ஜரியே இருக்காது. சிறிய எண்களில் இன்னும் மோசம். ஒரு வகை மருந்துக்கு மாதம் 6 சீட்டுதான், அதில் 3 ஒரே நோயாளிக்கு என்றால் பங்கு 50 சதவீதம் என்று காட்டும். அது ஒரு மனிதர், அவ்வளவுதான்.

நல்லூரான்:
நான் லண்டனில கொம்யூனிட்டி பார்மசி நடத்துறன், கன காலமா கவுண்டருக்குப் பின்னால நிக்கிறன். தம்பி எண்ணாளன் சொன்னது எல்லாம் சரி. ஆனா வைகைக்கரை, உங்கட அம்லோடிபின் கதை எனக்கு இங்க இருந்தே விளங்குது.

நீங்கள் பார்க்கிறது சீட்டு வரியோ, மாத்திரை எண்ணிக்கையோ? ஒரு ஆளுக்கு 56 நாளுக்கு ஒருக்கா எழுதினா ஒரு வரி. அதே ஆளுக்கு வாராவாரம் டொசெட் பெட்டி (நாள்வாரியா மாத்திரை பிரிச்சு வைக்கிற பெட்டி) கட்டிக் குடுக்க ஏழு ஏழு நாளா எழுதினா எட்டு வரி. ஆள் விழுங்கினது ஒரே 56 மாத்திரைதான். உங்கட சர்ஜரிக்குப் பக்கத்தில கெயார் ஹோம் இருக்குதோ எண்டு பாருங்கோ. டொசெட் கட்டுற பார்மசியோட சேர்ந்து வேலை செய்யிற சர்ஜரி எண்டா அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின், ராமிப்ரில் எல்லாம் ஒண்டாக் கூடி நிக்கும். அப்பிடி எல்லாம் சேர்ந்து கூடியிருந்தா அது மருத்துவற்ற பழக்கம் இல்லை, நாள் கணக்கு.

இன்னொண்டு. லோக்கமா, அதாவது தற்காலிகமா வாற டொக்டர் எழுதினது அவற்ற பேரில வராது. சர்ஜரியின்ர குறியீட்டிலயோ அங்க இருக்கிற வேற டொக்டரின்ர குறியீட்டிலயோதான் வரும். ஆகையால சர்ஜரிக்குள்ள "ஆர் இதை எழுதினது" எண்டு இந்தத் தரவை வச்சுத் தேடாதேங்கோ. பிழையான ஆளில போய் நிக்கும்.

வைகைக்கரை:
நல்லூரான் அண்ணா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். மாத்திரை எண்ணிக்கைக்கு மாற்றிப் பார்த்தேன், அம்லோடிபின் நாட்டுச் சராசரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு முதியோர் இல்லங்கள் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன, எல்லாமே வாரச் சீட்டு. ஆனால் சோபிக்ளோன் மாத்திரைக் கணக்கிலும் அப்படியேதான் நிற்கிறது.

டாக்டர்_பொதிகை:
நான் வட இங்கிலாந்தில் ஜிபி. கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும்.

இந்த வரைபடங்கள் எங்கள் கைக்கு வரும் விதமே மனதைப் புண்படுத்துகிறது. நாள் முழுக்க நோயாளி பார்த்துவிட்டு நிமிர்ந்தால், "உங்கள் காபாபென்டின் 97ஆம் சதமானத்தில் இருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல். அதாவது, இந்த நரம்புவலி மருந்தை நூற்றில் 97 சர்ஜரிகளைவிட நான் அதிகம் எழுதுகிறேனாம். என் பகுதி பழைய சுரங்கப் பகுதி. முதுகெலும்பு தேய்ந்தவர்கள், நாள்பட்ட வலிக்காரர்கள், வேலையில்லாதவர்கள். வலி சிகிச்சை மையத்துக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக வளாகத்துச் சர்ஜரியோடு என்னை ஒப்பிட்டால் என்ன நியாயம்? அவர்களிடம் கருத்தடை மாத்திரையும் முகப்பரு மருந்தும்தான் உச்சத்தில் இருக்கும். வீடற்றவர்களுக்கென்றே நடக்கும் சர்ஜரியில், ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன் உச்சத்தில் இருக்கும். அது அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதற்கான அடையாளம்.

விலகி நிற்பவரெல்லாம் தவறு செய்பவர் என்ற எண்ணம் வேரூன்றினால், கடினமான நோயாளிகளை யாரும் ஏற்கமாட்டார்கள்.

எண்ணாளன்:
டாக்டர், நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் யாரும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் ஒரு கொடூரமான சாட்சி இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல, மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

ஹரால்ட் ஷிப்மன், மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரின் ஜிபி. 2000 ஜனவரியில் 15 நோயாளிகளைக் கொன்றதாகத் தீர்ப்பு. டேம் ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, 2002இல் வந்த முதல் அறிக்கையிலேயே 215 பேர் என்று சொன்னது. ஆயுதம், டயமார்ஃபின் என்ற அபின் வகைக் கடும் வலிநிவாரணி ஊசி. 1976இலேயே பெத்திடின் என்ற இன்னொரு அபின் வகை மருந்தை வாங்கப் பொய்ச் சீட்டு எழுதித் தண்டனை பெற்றவர் அவர். அதன் பிறகும் தொழிலில் நீடித்தார். டயமார்ஃபினை நோயாளிகள் பெயரில் சீட்டு எழுதி, அருகிலிருந்த பார்மசியிலிருந்து தானே வாங்கிக்கொண்டார். புற்றுநோயில் இறந்தவர்கள் வீட்டில் மிஞ்சியதையும் எடுத்துக்கொண்டார். 1993இல் வெவ்வேறு நோயாளிகள் பெயரில் 30 மி.கி. ஊசி மருந்தை ஒற்றை ஒற்றையாக வாங்கியிருக்கிறார். வலியில் தவிக்கும் கடைசிக்கட்ட நோயாளிக்கு யாரும் ஒரே ஒரு ஊசிக் குப்பி எழுதுவதில்லை. அந்த முறையே விசித்திரம். யாரும் அதை ஒன்றாக அடுக்கிப் பார்க்கவில்லை.

1998 மார்ச்சில் பக்கத்துச் சர்ஜரி மருத்துவர் ஒருவர், தகனத்துக்கு இரண்டாவது மருத்துவராகத் தாங்கள் கையெழுத்திட வேண்டியிருந்த ஷிப்மன் நோயாளிகளின் படிவங்களின் எண்ணிக்கையைக் கண்டு சந்தேகம் எழுப்பினார். போலீஸ் விசாரித்து ஒன்றுமில்லை என்று மூடியது. அதற்குப் பிறகு மூன்று பேர் இறந்தார்கள்.

இப்போது உங்கள் பக்கத்து நியாயமும் இதே கதையில் இருக்கிறது. பின்னாளில் புள்ளியியலாளர்கள் இறப்பு எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டு, முறையான கண்காணிப்பு இருந்திருந்தால் 1980களின் நடுவிலேயே ஷிப்மன் தெரிந்திருப்பார் என்று காட்டினார்கள். அதே கணக்கை மற்ற ஜிபிக்களுக்கும் போட்டபோது வேறு சிலரும் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினார்கள். அதில் ஒருவர் முதியவர்கள் நிறைந்த கடலோர ஊரில், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குத் தள்ளாமல், அவர்கள் விரும்பியபடி வீட்டிலேயே கடைசி நாட்களைக் கழிக்க உதவிய நல்ல மருத்துவர். தரவில் கொலைகாரரும் அவரும் ஒரே பக்கம்தான் தெரிந்தார்கள். ஆகவே அந்தக் கோடு கதவைத் தட்டச் சொல்கிறது, அவ்வளவே. தட்டாமல் போகவும் கூடாது, தட்டும்போதே குற்றம் சாட்டவும் கூடாது.

டாக்டர்_பொதிகை:
கதவைத் தட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஷிப்மனுக்குப் பிறகு வந்த ஏற்பாடுகள் தேவையானவை: கட்டுப்பாட்டு மருந்துகளுக்கென்று (போதைக்குத் தவறாகப் பயன்படக்கூடியவை) பொறுப்பு அலுவலர்கள், தனியார் சீட்டுக்குத் தனிப் படிவம். தட்டுகிறவர் யார், எப்படித் தட்டுகிறார் என்பதுதான் என் கவலை. வைகைக்கரை போல உள்ளேயே இருக்கும் ஒருவர் செய்தால் நிச்சயம் வரவேற்பேன்.

நல்லூரான்:
எல்லாரும் சோபிக்ளோனையும் ஷிப்மனையும் பற்றிக் கதைக்கிறியள். மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டிட்டியள். எனக்கு அதுதான் நெஞ்சுக்குள்ள இடிக்குது.

மெத்தோட்ரெக்ஸேட் மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கிழமையில ஒருநாள் மட்டும் எடுக்கிற மருந்து. தவறுதலா தினமும் எடுத்தா எலும்பு மச்சை வேலை செய்யாமப் போயிடும், வாய் முழுக்கப் புண் வரும், ஆள் செத்தும் போகலாம். இங்க அப்பிடிச் செத்தவை இருக்கினம். 2.5 மி.கி. மாத்திரையும் 10 மி.கி. மாத்திரையும் கையில எடுத்தா வித்தியாசம் பிடிபடாது. ஆறு மாத்திரை எடுக்கிற பழக்கத்தில 10 மி.கி.யில ஆறு எடுத்தா நாலு மடங்கு. அதாலதான் 2.5 மட்டும் எழுதுங்கோ எண்டு பாதுகாப்பு அறிவுறுத்தல் வந்தது.

இதுக்குச் சதமானமும் வேண்டாம், திட்டவிலக்கமும் வேண்டாம். ஒரு சீட்டு எண்டாலும் அது ஒரு ஆள். இண்டைக்கே அந்த ஆளைத் தேடிப் பிடியுங்கோ. வீட்டில பழைய பெட்டி கிடக்குதோ எண்டும் கேளுங்கோ. ரெண்டு வலிமையும் ஒரே வீட்டில கிடந்தா அது இன்னும் ஆபத்து.

எண்ணாளன்:
நான் சொல்லியிருக்க வேண்டியதை நல்லூரான் சொல்லிவிட்டார். சில மருந்துகளுக்கு ஒப்பீடே தேவையில்லை. கோ-புரோக்ஸமால் என்ற வலிமாத்திரை இன்னொரு உதாரணம். தற்கொலைகளுக்கும் தற்செயலான மரணங்களுக்கும் காரணமாகிறது என்று அதைத் திரும்பப் பெறும் முடிவு 2005இலேயே அறிவிக்கப்பட்டது. உரிமம் போன பிறகும் பல வருடம் சில சர்ஜரிகளில் அது எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. என்எச்எஸ் 2017 நவம்பரில் வெளியிட்ட, ஜிபிக்கள் வழக்கமாக எழுதக் கூடாதவை என்ற பட்டியலிலும் அது இருந்தது. இப்படிப்பட்ட மருந்துக்கு நாட்டுச் சராசரியோடு ஒப்பிட்டு ஆறுதல் தேடுவது அபத்தம்.

சிவகங்கைச் சீமை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. இங்கே இப்படி ஒரு ஆய்வு சாத்தியமா?

எண்ணாளன்:
தனியார் கிளினிக்குகளைப் பொறுத்தவரை கஷ்டம், சார். இங்கே எல்லா என்எச்எஸ் சீட்டுக்கும் ஒரே இடம் பணம் கொடுக்கிறது, அதனால் தரவு தானாகச் சேர்கிறது. இந்தியாவில் நோயாளிதான் பணம் கொடுக்கிறார், சீட்டும் அவரோடு போய்விடுகிறது. இந்திய மருந்து விதிகளின் அட்டவணை எச்1 என்ற பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் மருந்துக் கடையில் தனிப் பதிவேடு வைக்க வேண்டும், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சில உயர்வகை ஆன்டிபயாடிக்குகளும் தூக்க மருந்துகளும் அதில் வருகின்றன. ஆனால் அது கடைக்குக் கடை தனிநோட்டு. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வழி இருக்கிறது: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்து விநியோகத்தை மையமாகச் செய்கிறது, எந்த நிலையம் எந்த மருந்தை எவ்வளவு எடுத்தது என்ற கணக்கு அங்கே இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களை அதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மார்கழி:
நான் மருத்துவத் துறையில் இல்லை. சோபிக்ளோன் என்ற பெயரைப் பார்த்ததும் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நோயாளியின் மகளாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அப்பா இறந்த சமயம் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். பிறகு அது, ஒவ்வொரு முறையும் மருத்துவரைப் பார்க்காமலே கிடைக்கும் ரிப்பீட் சீட்டில் ஏறிவிட்டது, வருடக்கணக்கில் யாரும் எதுவும் கேட்கவில்லை. திடீரென்று ஒருநாள் சர்ஜரியிலிருந்து கடிதம்: புதிய விதிப்படி இனி இந்த மருந்து தரப்படாது. அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதார். அடுத்த சில இரவுகள் எப்படிப் போயின என்று எழுத எனக்கு மனமில்லை.

நீங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் கீழே இறக்கும்போது, அதில் என் அம்மா போல எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இத்தனை வருடம் கேட்காமல் விட்டதும் அதே சர்ஜரிதான். அம்மா எந்தத் தவறும் செய்யவில்லை.

வைகைக்கரை:
மார்கழி அக்கா, எழுதியதற்கு நன்றி. உங்கள் பதிவை நாளைக்கு எங்கள் கூட்டத்தில் என் வார்த்தைகளில் சொல்லப் போகிறேன்.

மெத்தோட்ரெக்ஸேட் முடிந்தது. ஒரே ஒரு நோயாளி. வேறு ஊரிலிருந்து மாறி வந்தவர், பழைய சர்ஜரியின் சீட்டை அப்படியே தொடர்ந்திருக்கிறோம். நேரில் வரச்சொல்லி 2.5க்கு மாற்றி, பழைய பெட்டியையும் வாங்கி பார்மசியில் ஒப்படைத்தாயிற்று. நல்லவேளை, வாரம் ஒருமுறைதான் எடுத்துவந்திருக்கிறார்.

எண்ணாளன், சோபிக்ளோனை எந்தப் பக்கம் இருந்து தொடங்குவது?

எண்ணாளன்:
காலக்கோட்டை எடுங்கள், ஐந்து வருடத்துக்காவது. ஒரே மாதத்தில் படி ஏறியதுபோல் குதித்திருக்கிறதா, அல்லது மெல்ல மெல்ல ஏறியிருக்கிறதா? குதித்திருந்தால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது: இன்னொரு சர்ஜரியோடு இணைப்பு, கணினி மென்பொருள் மாற்றம், புது மருத்துவர். மென்பொருளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்தின் முதல் நான்கு எழுத்தைத் தட்டியதும் பட்டியலில் எது மேலே வருகிறதோ, எத்தனை நாள் என்று எது முன்கூட்டியே நிரம்பியிருக்கிறதோ, அதுதான் பரபரப்பான காலை வேளையில் சீட்டாகும். ஒரே மென்பொருள் வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான சர்ஜரிகள் ஒரே விதமாக விலகி நிற்பது இந்தத் தரவில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. மெல்ல ஏறியிருந்தால், நிறுத்த வேண்டிய மறுபரிசீலனை நடக்கவில்லையோ என்று பாருங்கள்.

வைகைக்கரை:
படி. தெளிவான படி. ஓய்வுபெற்ற ஒரு தனி மருத்துவரின் நோயாளிகளை எங்கள் சர்ஜரி எடுத்துக்கொண்ட மாதம் அது. அதன் பிறகு இறங்கவே இல்லை. "நம் நோயாளிகள் வேறு மாதிரி" என்று மூத்த மருத்துவர் சொன்னது ஒரு விதத்தில் சரிதான். அவர்களை வேறு மாதிரி ஆக்கியது நோயல்ல, பழைய ரிப்பீட் பட்டியல்.

கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டலாமா?

டாக்டர்_பொதிகை:
வரைபடத்தை முதலில் காட்டாதீர்கள். காட்டிய உடனே எல்லாரும் தற்காப்பில் இறங்கிவிடுவோம், என்னையும் சேர்த்துத்தான். ஐந்தாறு நோயாளிகளின் பதிவேட்டை எடுத்துப்போங்கள்: எப்போது தொடங்கியது, ஏன், கடைசியாக யார் பேசினார்கள், கூடவே வேறு என்ன மருந்து. சோபிக்ளோனோடு ஓபியாய்டோ (அபின் வகை வலிநிவாரணி) பிரிகாபலினோ (நரம்புவலி மருந்து) சேர்ந்து எழுதப்பட்டிருப்பவர்களை முன்னால் வையுங்கள். மூச்சு அடங்கும் ஆபத்து அங்கேதான். அதைப் பார்த்துவிட்டு எந்த மருத்துவரும் வாதாடமாட்டார். பிறகு வரைபடத்தை எடுங்கள்.

இதில் ஒரு எல்லையும் உண்டு. பதிவேட்டைப் பார்க்கும்போது நோயாளிக்கே தெரியாத சீட்டு, மருத்துவரே போய் வாங்கிய மருந்து, தனக்கோ குடும்பத்துக்கோ எழுதிய கட்டுப்பாட்டு மருந்து என்று ஏதாவது கண்ணில் பட்டால், அதை உள்ளேயே பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான பொறுப்பு அலுவலரிடம் நேராகச் சொல்லுங்கள். அதற்காகத்தான் அந்தப் பதவியே.

வைகைக்கரை:
அப்படி எதுவும் இல்லை. கடைசியாக ஒன்று: குறைப்பதை எப்படித் தொடங்குவது? மார்கழி அக்காவின் அம்மாவுக்கு நடந்தது இங்கே யாருக்கும் நடக்கக் கூடாது.

டாக்டர்_பொதிகை:
கடிதம் வேண்டாம், முதல் வார்த்தை தொலைபேசியிலோ நேரிலோ இருக்கட்டும். தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், என்எச்எஸ் தரும். சோபிக்ளோன் அதிகபட்சம் நான்கு வாரத்துக்கான மருந்து, குறைக்கும் நாட்களும் அதற்குள் அடக்கம். வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்வதும் இதுதான்: திடீரென்று நிறுத்தாதே, நோயாளியோடு பேசித் திட்டம் போடு, இருக்கும் அளவில் ஒரு பங்கைக் குறைத்து, தாங்கினால் அடுத்ததுக்குப் போ, தாங்காவிட்டால் அங்கேயே நில். 7.5 மி.கி.யிலிருந்து 3.75க்கு வருவதே சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். பரவாயில்லை.

இரவில் விழுந்த வரலாறு உள்ளவர்கள், தனியாக வசிப்பவர்கள், ஓபியாய்டும் சேர்த்து எடுப்பவர்கள், இவர்களை முதலில் கூப்பிடுங்கள். குறைக்க விருப்பமில்லை என்று யாராவது சொன்னால், அதைப் பதிவேட்டில் எழுதிவைத்து, சீட்டைத் தொடர்ந்து கொடுத்து, மறுபடி பேச ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

மார்கழி:
முதல் தடவை கூப்பிடும்போது வீட்டில் இருக்கும் மகளையோ மருமகளையோ கூட உட்காரச் சொல்லுங்கள். இரவில் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.